பிரியாணிப் பொட்டலமும் ஒரு நாள் கூலியும்

(செங்கற்பட்டில் ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் ஊழியர்களுக்காக நடந்த வகுப்பில், கட்சி முழுநேர ஊழியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு.)



இன்று நான் பேச வந்த விஷயம் தடுப்பூசி. கூலி, போனஸ், பட்டா என்று பேசுகிற இடத்தில் ஊசிக்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். வேலை இருக்கிறது.

2025ஆம் ஆண்டு பட்ஜெட்டில் தமிழ்நாடு சர்க்கார் ஓர் அறிவிப்புச் செய்தது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசியை 14 வயதுப் பெண் பிள்ளைகளுக்குப் படிப்படியாகப் போடுவது, அதற்கு 36 கோடி ரூபாய் ஒதுக்குவது என்பதே அந்த அறிவிப்பு. இந்த நோய் யாரை அதிகம் கொல்கிறது? நோய் முற்றிய பிறகே ஆஸ்பத்திரி வாசலை மிதிக்க முடிகிற ஏழைப் பெண்களைத்தான். நடவு நடுகிறவள், மீன் கூடை சுமக்கிறவள், ஆலையில் நிற்கிறவள்: இவர்களுடைய பெண்களைக் காப்பாற்றுகிற விஷயம் இது.

ஊசி ஊருக்குள் வரும்போது இரண்டு கேள்விகளும் கூடவே வரும். "போட்டுக்கொண்டால் என்ன தருவீர்கள்?" என்பது ஒன்று. "போட்டால் என்ன ஆகும்?" என்பது மற்றொன்று. இரண்டுக்கும் நாம் பதில் வைத்திருக்க வேண்டும். பதிலைத் தேடி வெகு தூரம் போக வேண்டியதில்லை. நம் ஜில்லாவிலேயே 2021இல் நடந்ததைப் பார்ப்போம்.

கோவளத்தில் நடந்தது

மாமல்லபுரத்துக்குப் போகிற கடற்கரைச் சாலையில் இருக்கிறது கோவளம். மீனவர் ஊர். கொரோனாவின் இரண்டாவது அலை அடித்துக்கொண்டிருந்த சமயம். அந்த ஊரில் 14,300 ஜனங்கள், அவர்களில் 18 வயது தாண்டியவர்கள் 6,400 பேர் என்று பத்திரிகைகள் கணக்கு எழுதின. இரண்டு மாதத்தில் ஊசி போட்டுக்கொண்டவர்கள் எத்தனை பேர்? வெறும் 58 பேர்!

பிறகு எஸ்.டி.எஸ். பவுண்டேஷன் என்ற தர்ம ஸ்தாபனம், வேறு இரண்டு டிரஸ்டுகளோடு சேர்ந்து ஓர் ஏற்பாடு செய்தது. ஊசி போட்டவர்களுக்குப் பிரியாணி. செல்போனுக்கு ரீசார்ஜ் கூப்பன். வாராவாரம் குலுக்கல், அதில் தங்கக் காசு, மிக்ஸி, கிரைண்டர். கடைசியில் பம்பர் பரிசாக ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், ஸ்கூட்டர். மூன்று நாளில் 345 பேர் வந்தார்கள் என்று செய்தி வந்தது.

இதைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. "உயிரைவிடப் பிரியாணி பெரிதா? இந்த ஜனங்களுக்கு அறிவு எப்போது வரும்?" என்றார்கள். நம் தோழர்களில் சிலரும், "இது லஞ்சம் மாதிரி இருக்கிறதே" என்று முகம் சுளித்தார்கள்.

மாதச் சம்பளக்காரர் ஊசி போட்டுக்கொள்கிறார். மறுநாள் ஜுரம், உடம்பு வலி. லீவு போட்டுவிட்டுப் படுத்துக்கொள்கிறார். மாதக் கடைசியில் சம்பளம் குறையாமல் வருகிறது. கடலுக்குப் போகிறவன் படுத்தால் என்ன ஆகும்? அன்றைக்கு வலை நனையாது, அடுப்பும் எரியாது. மறைமலை நகர்ப் பக்கத்துக் கம்பெனிகளில் காண்ட்ராக்டில் நிற்கிற வாலிபன் ஒரு நாள் வராவிட்டால், மறுநாள் அவன் இடத்தில் வேறொருவன் நிற்பான். மதுராந்தகம் ஏரிப் பாசனத்தில் களை எடுக்கிற தாய்க்கும் அதே கதிதான். ஊசி இலவசம் என்று சர்க்கார் சொன்னது. ஊசி இலவசம்தான்; ஊசிக்குப் பின்னால் வருகிற ஜுரம் இலவசமல்ல! அதற்கு விலை ஒரு நாள் கூலி, சில பேருக்கு இரண்டு நாள் கூலி.

ஆகவே பிரியாணிக்கு வந்தவனை நான் பரிகாசம் செய்ய மாட்டேன். இழக்கப் போகிற கூலிக்கு ஈடாக ஏதோ ஒரு பிடி கிடைக்கிறதே என்று வந்திருக்கிறான். அவன் கணக்குத் தெரியாதவன் அல்ல. கூலிக்கு ஈடு கட்ட வேண்டிய சர்க்காரும் முதலாளியும் கை கட்டி நின்றபோது, தர்மக்காரர்கள் பொட்டலத்தோடு வந்தார்கள். வெட்கப்பட வேண்டியது பொட்டலம் வாங்கியவன் அல்ல.

பருப்பு சொன்ன பாடம்

பரிசு கொடுத்தால் பலன் உண்டா, இல்லையா? இதை ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள்.

ராஜஸ்தானில் உதயப்பூர் ஜில்லாவில், ஏழை ஜனங்கள் வாழும் 134 கிராமங்களில் குழந்தைத் தடுப்பூசி பற்றி ஓர் ஆராய்ச்சி நடந்தது. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ முதலானவர்கள் நடத்தி 2010இல் வெளியிட்டார்கள். பழைய நிலைமையே நீடித்த கிராமங்களில், எல்லா ஊசியும் போட்டு முடித்த குழந்தைகள் நூற்றுக்கு 6. தவறாமல் குறித்த நாளில் முகாம் நடத்திய கிராமங்களில் நூற்றுக்கு 18. முகாமும் நடத்தி, ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு கிலோ பருப்பும், எல்லா ஊசியும் முடிந்தால் சாப்பாட்டுத் தட்டுகளும் கொடுத்த கிராமங்களில் நூற்றுக்கு 39.

இந்த மூன்று எண்களையும் மனதில் வையுங்கள். ஆறு பதினெட்டானது பருப்பால் அல்ல. சொன்ன நாளில், சொன்ன இடத்தில் ஊசி போடுகிறவர் வந்ததால். பதினெட்டு முப்பத்தொன்பதானது, குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்த தாயின் அரை நாள் உழைப்புக்கு ஒரு கிலோ பருப்பாவது மரியாதை செய்ததால். அதற்குப் பிறகும் 61 குழந்தைகள் பாக்கி. அவர்களிடம் பருப்பு மட்டும் போய்ச் சேராது. வீட்டுக்கு வீடு போய்ப் பேசுகிற மனிதன்தான் போய்ச் சேர வேண்டும்.

முகாம் ஜனங்களைத் தேடி வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம் ராஜ்யத்திலும் சாட்சி உண்டு. 2021 செப்டம்பர் 12ஆம் தேதி தமிழ்நாடு முழுவதும் 40,000 இடங்களில் கொரோனா ஊசி முகாம் போட்டார்கள். 20 லட்சம் பேருக்குப் போடுவதாகத் திட்டம். அன்று ஒரே நாளில் 28 லட்சத்துக்கும் மேலானவர்கள் போட்டுக்கொண்டார்கள்.

குலுக்கல் வேறு, கூலி வேறு

பரிசிலும் இரண்டு வகை உண்டு, தோழர்களே. எல்லோருக்கும் கொடுப்பது ஒரு வகை. ஒருவனுக்குக் கொடுத்து மற்றவர்களை வாய் பார்க்க வைப்பது இன்னொரு வகை.

அமெரிக்காவில் ஒஹையோ ராஜ்யத்தில் 2021 மே மாதம் லாட்டரி வைத்தார்கள். ஊசி போட்டுக்கொண்ட பெரியவர்களில் ஐந்து பேருக்குத் தலைக்குப் பத்து லட்சம் டாலர். சிறுவர்களுக்குக் காலேஜ் படிப்புச் செலவு. உலகமே வாய் பிளந்தது. பிறகு கணக்குப் பார்த்த ஆராய்ச்சியாளர்கள், இந்த லாட்டரியால் ஊசி போட்டவர்கள் குறிப்பிடத்தக்க அளவு கூடியதற்கு ஆதாரம் இல்லை என்று எழுதினார்கள். அதே வருஷம் சுவீடனில் ஓர் ஆராய்ச்சியில், ஊசி போட்ட ஒவ்வொருவருக்கும் 200 குரோனர் கொடுத்தார்கள். சிறு தொகைதான். நூற்றுக்கு நான்கு பேர் கூடினார்கள்.

லாட்டரி என்பது முதலாளித்துவத்தின் குணம். ஆயிரம் பேருக்குச் சேர வேண்டியதை ஒருவன் கையில் கொடுத்து, மற்றவர்களுக்கு ஆசையை மட்டும் கொடுக்கும். நமக்கு வேண்டியது ஸ்கூட்டர் குலுக்கல் அல்ல. ஊசி போட்ட நாளுக்கும் மறுநாளுக்கும் எல்லோருக்கும் கூலியோடு லீவு! அது தர்மமும் அல்ல, லஞ்சமும் அல்ல, உழைப்பாளியின் உரிமை. தொழிலாளிக்கு நோய் வராவிட்டால் லாபம் யாருக்கு? ஆலை ஓடினால் முதலாளிக்கும் லாபம்தானே? அவர் இரண்டு நாள் சம்பளம் கொடுக்கட்டுமே.

வேறொரு தவறான வழியும் உண்டு. ஊசி போடாவிட்டால் கடைக்கு வராதே, வேலைக்கு வராதே என்று மிரட்டுவது. 2021 கடைசியில் சில இடங்களில் இப்படி உத்தரவு போட்டார்கள். 2022 மே 2ஆம் தேதி சுப்ரீம் கோர்ட், யாரையும் கட்டாயப்படுத்தி ஊசி போட முடியாது என்று தீர்ப்புச் சொன்னது. ஏழையின் ரேஷனில் கை வைத்து மிரட்டினால் ஊசியின் மேல் வெறுப்புத்தான் வளரும்.

சந்தேகம் எங்கிருந்து வந்தது?

"போட்டால் என்ன ஆகும்?" என்ற இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். 2021 ஏப்ரல் 15ஆம் தேதி நடிகர் விவேக் கொரோனா ஊசி போட்டுக்கொண்டார். 17ஆம் தேதி மாரடைப்பில் இறந்தார். ஊரெல்லாம் பயம் பிடித்துக்கொண்டது. ஆராய்ந்த மத்திய சர்க்கார் குழு, அந்த மரணத்துக்கு ஊசி காரணமல்ல என்று சொன்னது. எப்போது? அக்டோபரில்! ஆறு மாதம் கழித்து! வதந்தி ஒரு மணி நேரத்தில் ஊரைச் சுற்றியது. ஊசி போட்டால் ஆண்மை போகும், பிள்ளை பிறக்காது என்று வாலிபர்கள் செல்போனில் படித்துக்கொண்டிருந்தார்கள். உண்மை ஆறு மாதம் கழித்துக் காகிதத்தில் வந்தது.

சந்தேகப்படுகிறவனை மூடன் என்று திட்டாதீர்கள். அவன் சந்தேகத்துக்கும் சரித்திரம் உண்டு. இதே புற்றுநோய்த் தடுப்பூசியை, 2009இல் பாத் என்ற அமெரிக்க ஸ்தாபனம் ஆந்திராவில் கம்மம் ஜில்லாவிலும் குஜராத்தில் வதோதராவிலும் பெண் பிள்ளைகளுக்குப் போட்டது. கம்மத்தில் பழங்குடிப் பெண்கள் பலருக்கு ஹாஸ்டல் வார்டன்களே சம்மதக் கையெழுத்துப் போட்டார்கள். தாய் தகப்பனைக் கேட்கவில்லை. மாதர் அமைப்புகளும் இடதுசாரி எம்.பி.க்களும் குரல் கொடுத்தார்கள். 2010 ஏப்ரலில் அது நிறுத்தி வைக்கப்பட்டது. 2013இல் பார்லிமெண்ட் குழு அதைக் கடுமையாகக் கண்டித்தது. அங்கே சில பெண்கள் இறந்ததற்கு ஊசி காரணமாக இருக்க முடியாது என்றே விசாரணையில் கண்டார்கள். ஊசி குற்றவாளி அல்ல. ஏழையைக் கேட்காமல் கையெழுத்துப் போட்ட மனோபாவம்தான் குற்றவாளி.

நேர்மையான விஞ்ஞானத்துக்கும் நம் ஜில்லாவே சாட்சி. 1968 முதல் பழைய செங்கற்பட்டு ஜில்லாவில் பி.சி.ஜி. ஊசியைச் சோதித்தார்கள். மூன்றரை லட்சத்துக்கும் மேலான ஜனங்களைக் கணக்கில் எடுத்த சோதனை. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசத்தை அந்த ஊசி தடுக்கவில்லை என்று முடிவு வந்தது. அதை மூடி மறைக்காமல் உலகத்துக்குச் சொன்னார்கள். குழந்தைகளுக்கு வரும் கடுமையான காசத்தை அது தடுக்கும் என்பதால் பிறந்த குழந்தைக்கு இன்றும் போடுகிறார்கள். இப்படி உள்ளதை உள்ளபடி சொன்னால்தான் ஜனங்கள் நம்புவார்கள்.

திருமணியில் தூங்கிய தொழிற்சாலை

செங்கற்பட்டுக்குப் பக்கத்தில் திருமணியில் 100 ஏக்கரில் மத்திய சர்க்காரின் தடுப்பூசி வளாகம் நிற்கிறது. எச்.எல்.எல். பயோடெக் என்ற பொதுத்துறைக் கம்பெனி அது. 2012இல் 594 கோடி ரூபாய் மதிப்பீட்டில் அனுமதி கொடுத்த திட்டம். 2021இல் ஜனங்கள் ஊசிக்கு அலைந்தபோது அங்கிருந்து கொரோனா ஊசி வரவில்லை. மே 25ஆம் தேதி முதலமைச்சர் ஸ்டாலின் போய்ப் பார்த்தார். தமிழ்நாட்டுக்குக் குத்தகைக்காவது கொடுங்கள் என்று மத்திய சர்க்காரைக் கேட்டார். பலன் இல்லை.

அதே மே மாதத்தில் மத்திய சர்க்கார் என்ன செய்தது? 18 முதல் 44 வயது வரை உள்ள வாலிபர்களுக்கான ஊசியை ராஜ்யங்களே வாங்கிக்கொள்ளட்டும் என்று கை கழுவியது. கோவிஷீல்டு ராஜ்யங்களுக்கு 300 ரூபாய், கோவாக்சின் 400 ரூபாய். தனியார் ஆஸ்பத்திரிக்குக் கோவாக்சின் 1,200 ரூபாய்! அந்த ஊசியை உருவாக்கியதில் சர்க்கார் ஆராய்ச்சி ஸ்தாபனத்துக்கும் பங்கு உண்டு. எதிர்ப்பு எழுந்து, சுப்ரீம் கோர்ட்டும் கேள்வி கேட்ட பிறகு, ஜூன் 21 முதல் 18 தாண்டிய எல்லோருக்கும் இலவசம் என்று மாற்றினார்கள். வாலிபர்களுக்கு ஊசியே சரிவரக் கொடுக்காமல் இருந்துவிட்டு, வாலிபர்களுக்கு ஆர்வம் இல்லை என்று சொல்வது என்ன நியாயம்?

நாம் செய்ய வேண்டியது

நம் கோரிக்கைகள் இவை. ஊசி போடுகிறவருக்கும், பிள்ளையை அழைத்து வரும் தாய்க்கும் கூலியோடு லீவு வேண்டும். காண்ட்ராக்டுத் தொழிலாளிக்கும் இது பொருந்த வேண்டும். முகாமை ஜனங்களின் நேரத்துக்கு வைக்க வேண்டும்: ஷிப்ட் மாறும்போது ஆலை வாசலில், படகு கரை சேர்ந்த பிறகு கடற்கரையில், களையெடுப்பு முடிந்த சாயங்காலத்தில் காலனியில். 14 வயதில் பள்ளியை விட்டு நின்று செங்கல் சூளையில் கல் சுமக்கிற பெண்ணையும், இருளர் குடியிருப்புப் பெண்ணையும் தேடிப் போக வேண்டும். பள்ளியில் மட்டும் போட்டால் இவர்கள் விட்டுப்போவார்கள். தாய் தகப்பனுக்குத் தமிழில் விளக்கிச் சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும். ஏதாவது கோளாறு வந்தால் சர்க்கார் செலவில் வைத்தியமும் நஷ்டஈடும் வேண்டும். ஊசி தயாரிப்பு பொதுத்துறையில் இருக்க வேண்டும்.

கோரிக்கை வைத்துவிட்டுக் கை கட்டி நிற்பது நம் பழக்கமல்ல. ஒவ்வொரு கிளையும் தன் ஊரில் 14 வயதுப் பெண்கள் இருக்கும் வீடுகளைக் கணக்கெடுக்கட்டும். மாதர் தோழர்கள் அந்த வீடுகளுக்கு இரண்டு முறை, மூன்று முறை போகட்டும். யார் என்ன பயப்படுகிறார்கள் என்று கேட்டு வந்து, கிராம நர்ஸை அழைத்துப்போய்ப் பதில் சொல்ல வைக்கட்டும். முகாம் நாளில் முதல் வரிசையில் நம் தோழர்களின் பெண்கள் நிற்கட்டும். ஊர் நம் பேச்சைவிட நம் வீட்டைத்தான் பார்க்கும்.

யாராவது பிரியாணி கொடுத்தால் சாப்பிடுங்கள், தடுக்க மாட்டேன். ஆனால் சாப்பிட்டுக் கை கழுவியதும் கூலியைக் கேளுங்கள், லீவைக் கேளுங்கள், திருமணித் தொழிற்சாலையைக் கேளுங்கள். நம் பெண்களின் உயிர் குலுக்கலில் விழுகிற சீட்டு அல்ல. சங்கமாகச் சேர்ந்து நின்று அதைக் காப்போம்!