மெத்தை சுமந்த பேராசிரியர்

ஆசிரியர் ஒரு சொல் சொல்கிறார். அது அடங்குவதற்குள் அடுத்த பத்துச் சொற்கள் அதன்மேல் வந்து விழுகின்றன. கடைசி பெஞ்சுக்கு எல்லாம் ஒரே இரைச்சல்.

1895-இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டிய ஃபாக் கலைக்கூடத்தின் விரிவுரை அறை இந்த லட்சணத்தில்தான் இருந்தது. பேசிய சொல் ஐந்தரை விநாடி சுவர்களுக்குள் சுற்றிக்கொண்டிருந்தது.

சரிசெய்யும் பொறுப்பு இளம் இயற்பியல் ஆசிரியர் வாலஸ் சாபினிடம் வந்தது. நள்ளிரவில், பக்கத்துச் சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளைத் தூக்கிவந்து அறையில் பரப்புவார். ஆர்கன் இசைக்கருவியின் குழாய் ஒன்றை ஒலிக்கவிட்டு நிறுத்துவார்; சத்தம் காதிலிருந்து மறையும் நேரத்தைக் குறிப்பார். விடிவதற்குள் மெத்தைகள் பழைய இடத்துக்குப் போயாக வேண்டும்! ஒரு மனிதர் ஏறக்குறைய ஆறு மெத்தை அளவுக்கு ஒலியை உறிஞ்சுகிறார் என்பதும் அப்படித்தான் தெரிந்தது. ஆளில்லாத வகுப்பில் கைதட்டினால் கணீரென்று கேட்பதும், பிள்ளைகள் நிறைந்ததும் அது மங்குவதும் இதனால்தான்.

பிறகு சுவர்களில் ஒலியை உறிஞ்சும் படலம் பொருத்தினார்கள். அறை பேச்சுக்கு ஏற்றதாயிற்று.

2002-இல் அமெரிக்காவில் வகுப்பறைகளுக்கென்றே ஒரு தரநிலை வந்தது. சாதாரண அளவுள்ள வகுப்பில் எதிர்முழக்கம், அதாவது பேச்சு நின்ற பிறகும் சுவர்களுக்குள் சுற்றும் ஒலி, 0.6 விநாடிக்குள் அடங்க வேண்டும். ஆளில்லாதபோது பின்னணிச் சத்தம் 35 டெசிபலைத் தாண்டக் கூடாது. தலைக்கு மேலே கடகடக்கும் மின்விசிறி ஒன்றே போதும், இந்த இரண்டாவது கணக்கைக் கெடுக்க.