பொதுஜன அபிப்பிராயம் எங்கே பிறக்கிறது?

“பொதுஜன அபிப்பிராயம் எங்கள் பக்கமே” என்று சொல்லாத கட்சியும் இல்லை, பத்திரிகையும் இல்லை. ஆனால் அந்தப் பொதுஜனங்களை யார் போய்க் கேட்டார்கள், எத்தனை பேரைக் கேட்டார்கள் என்று நாம் திருப்பிக் கேட்டால் பதில் சொல்லத்தான் ஆளில்லை. இப்படிக் கேட்பதையே தம் ஆயுள் வேலையாகக் கொண்ட ஒரு பேராசிரியரைப் பற்றிச் சொல்லவே நாம் இன்று வந்திருக்கிறோம். அவர் பால் லாசர்ஸ்ஃபெல்டு என்பவர். 1901-ல் வியன்னாவில் பிறந்தவர். பட்டம் பெற்றது கணக்கில்.

வியன்னாவுக்கு அருகே மரியந்தால் என்னும் ஊரில் நெசவாலை மூடப்பட்டு ஊரே வேலையற்று நின்றது. இவரும், மேரி யகோடா, ஹான்ஸ் சைசல் ஆகியோரும் அவ்வூரை ஆராய்ந்து 1933-ல் புத்தகம் வெளியிட்டார்கள். வேலையில்லாதவனுக்குப் பொழுது மிச்சம், ஆகவே நிறையப் படிப்பான் என்றுதான் எவரும் நினைப்பர். நடந்ததோ நேர் விரோதம்! புத்தகசாலையில் கட்டணத்தை எடுத்துவிட்டுங்கூட, 1929-க்கும் 1931-க்கும் இடையில் புத்தகம் வாங்கிப் படிப்பது ஏறக்குறைய பாதியாய்க் குறைந்துபோயிற்று. ஏழை படிக்காததற்குச் சோம்பலே காரணம் என்போர் இதற்கு என்ன சமாதானம் சொல்வார்கள்?

எழுதியவர்கள் யூதர்கள் என்பதால் அப்புத்தகத்தின் முகப்பில் அவர்கள் பெயரே போடப்படவில்லை. யகோடா அம்மையார் 1936-ல் சிறைப்பட்டார். லாசர்ஸ்ஃபெல்டு அமெரிக்காவில் தங்கி, கொலம்பியா சர்வகலாசாலையில் பேராசிரியரானார்.

1940-ல் அங்கு ஜனாதிபதி எலெக்ஷன் நடந்தது. ஓஹியோ மாகாணத்து ஈரி ஜில்லாவில் 600 பேரைத் தெரிந்தெடுத்து, மே முதல் நவம்பர் வரை மாதாமாதம் அதே ஆட்களைக் கேட்டு எழுதினார்கள். ரேடியோவும் பத்திரிகையும் ஜனங்களை ஆட்டிவைக்கும் என்பது அக்காலத்து நம்பிக்கை. ஆனால் பிரசாரத்தால் கட்சி மாறியவர்கள் நூற்றுக்கு 8 பேர் அளவே! மற்றவர்களில் பெரும்பாலோர் முன்பே கொண்ட எண்ணத்தில் உறுதிப்பட்டார்கள். பத்திரிகையைவிட, அதைப் படித்துவிட்டு வந்து பேசும் அண்டை வீட்டான், கூட வேலை செய்பவன் ஆகியோர் சொல்லுக்கே மதிப்பு அதிகம் என்று தெரிந்தது.

இவர் வேலையில் குறை இல்லையா என்றால், உண்டு. ரேடியோ கம்பெனியாரும் பத்திரிகை முதலாளிகளும் கொடுத்த பணத்தைக் கொண்டும் அவர் ஆராய்ச்சி நடந்தது. கேட்பவன் மனத்தை அளக்கிறீரே, ரேடியோவை நடத்துகிறவன் யார், எதற்காக நடத்துகிறான் என்று அளக்கவில்லையே என்பது அவரோடு சிலகாலம் வேலை செய்த அடோர்னோவின் ஆட்சேபணையின் சாரம். இது நியாயமான கேள்வி என்பதே நம் அபிப்பிராயம். ஜனங்களின் மனம் தெரிந்தால் அவர்களுக்கு நன்மையும் செய்யலாம், அவர்களிடம் சரக்கை விற்று ஏய்க்கவும் செய்யலாம் அல்லவா?

ஆனால் 1948-ல் அவரே, ராபர்ட் மெர்ட்டனுடன் சேர்ந்து ஓர் எச்சரிக்கை செய்தார். ஓயாமல் செய்தி படிப்பவனும் கேட்பவனும், விஷயம் தெரிந்ததையே காரியம் செய்ததாக எண்ணி மயங்கிவிடுகிறான் என்பதே அது.

தோழர்களே! இனி யாராவது “ஜனங்கள் இப்படி நினைக்கிறார்கள்” என்றால், எத்தனை பேரைக் கேட்டாய், யார் பணத்தில் கேட்டாய் என்று கேளுங்கள். பத்திரிகையைப் படித்து மடித்து வைப்பதோடு நில்லாமல், பக்கத்து வீட்டாரிடம் போய்ப் பேசுங்கள். அபிப்பிராயம் பிறக்கும் இடம் அந்தத் திண்ணையே ஆகும்.