கரிய கடல் வாத்துகள் இரண்டு

வாத்து என்றதும் குளமும் வயலும்தான் நம் நினைவுக்கு வரும். ஆனால், குளிர்காலத்தைக் கடல் அலைகளின்மேல் கழிக்கும் வாத்துகளும் உண்டு. பால்டிக் கடலிலும் பிரிட்டனின் கரையோரங்களிலும் கூட்டம் கூட்டமாக மிதக்கும் ஸ்கோட்டர் வாத்துகள் அத்தகையவை. நீரில் மூழ்கிச் சிப்பிகளைத் தின்று வாழ்பவை. அவற்றுள் இரண்டு இனங்களைப் பிரித்தறியும் வழியை இன்று காண்போம்.

ஒன்று சாதாரண ஸ்கோட்டர். மற்றொன்று வெல்வெட் ஸ்கோட்டர். இரண்டிலும் ஆண் கறுப்பு, பெண் கரும்பழுப்பு. வெல்வெட் சற்றுப் பெரியது. ஆனால் அலைகளுக்கிடையே அளவை நம்பி முடிவு செய்யலாகாது.

அப்படியானால் எதை நம்புவது? சிறகை நம்பலாம். வெல்வெட் ஸ்கோட்டரின் சிறகில் பின்னோரமாக வெள்ளைப் பட்டை உண்டு. சாதாரண ஸ்கோட்டருக்கு அது கிடையாது. மிதக்கும்போது இப்பட்டை பெரும்பாலும் மறைந்துவிடும். ஆகவே பறவை பறக்கும் வரையிலோ, சிறகடிக்கும் வரையிலோ நாம் பொறுத்திருக்க வேண்டும். சிறகடிக்கையில் சாதாரண ஸ்கோட்டர் தலையைச் சட்டெனத் தாழ்த்தும். மூழ்கும்போது அது சிறகை மூடிக்கொண்டு துள்ளி மூழ்கும். வெல்வெட்டோ சிறகைச் சற்று விரித்தபடி மூழ்கும். பெண் பறவைகளின் முகத்தையும் கவனிக்கலாம். சாதாரண ஸ்கோட்டரின் கன்னம் முழுதும் வெளிறியிருக்கும். வெல்வெட்டின் முகத்தில் பெரும்பாலும் இரண்டு வெளிர்ப் புள்ளிகள் தெரியும்.

இத்தனை நுணுக்கம் எதற்கு என்று கேட்கலாம். 1996 பிப்ரவரியில் வேல்ஸ் கரையருகே 'சீ எம்ப்ரெஸ்' என்னும் எண்ணெய்க் கப்பல் தரைதட்டியது. சுமார் 72,000 டன் கச்சா எண்ணெய் கடலில் கலந்தது. எண்ணெய் படிந்த நிலையில் மீட்கப்பட்ட பறவைகளில் பெரும்பாலானவை சாதாரண ஸ்கோட்டர்களே. இத்தகைய விபத்தில் எந்த இனத்துக்கு எவ்வளவு இழப்பு என்று அறிய, அதற்கு முன்பே இனம் பிரித்து எண்ணிய கணக்கு இருக்க வேண்டுமல்லவா?

வெல்வெட் ஸ்கோட்டர் இன்று உலக அளவில் அழியும் அபாயத்திலுள்ள இனங்களுள் ஒன்று. பெருங்கூட்டத்தில் கலந்திருக்கும் சிலவற்றைச் சாதாரண ஸ்கோட்டர் என்றே எழுதிவிட்டால், அவை குறைந்து வருவது எவருக்கும் தெரியாமற் போகும். எனவே, சிறகைக் காணும் வரை காத்திருப்போம். காண இயலாவிட்டால், 'இனம் தெரியாத ஸ்கோட்டர்' என்றே குறித்து வைப்போம். தவறான பெயரைவிட அதுவே பயனுள்ள குறிப்பு.