உயிலும் அறக்கட்டளையும்: சட்ட உதவியாளர் மாணவி கற்றவை
(விழாவில் ஆற்றிய உரை)



சட்ட உதவியாளர் பயிற்சியில் உயில், அறக்கட்டளை, இறந்தார் சொத்து நிர்வாகம் ஆகிய பாடங்களைப் பயின்று வருகிறேன். நீதிமன்றத்தில் வாதிடுவது எங்கள் பணியன்று. ஆவணங்களைத் திரட்டுதல், தேதிகளைச் சரிபார்த்தல், சொத்துப் பட்டியல் ஆயத்தம் செய்தல் ஆகியனவே எங்கள் பணி. கற்றவற்றுள் நம் குடும்பங்களுக்குப் பயன்படுபவற்றை மட்டும் எடுத்துரைக்க விழைகிறேன்.

உயில் என்ற சொல்லை எடுத்தாலே, “இப்போது எதற்கு அந்தப் பேச்சு?” என்று பெரியோர் தடுத்துவிடுவதுண்டு. ஆனால் மரணத்தை அஞ்சாது எண்ணிப் பார்க்கக் கற்பித்த சமயம் நம்முடையது. சல்லேகனை ஏற்பவர் பற்றையும் பகையையும் உடைமையையும் விட்டு, சுற்றத்தாரை மன்னித்து, அவர்களிடமும் மன்னிப்பு வேண்ட வேண்டும் என்று சமந்தபத்திரரின் இரத்தினகரண்டக சிராவகாசாரம் விதிக்கிறது. உடைமையை ஒழுங்கு செய்யாமல் சென்றால், நாம் விட்ட பகையைப் பிள்ளைகள் தொடங்க நேரும்.

உயில் இல்லாவிடில் என்ன ஆகும்? 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் ஜைனர்களுக்கும் பொருந்தும். ஒருவர் தாம் ஈட்டிய ஒரே வீட்டை விட்டு மறைகிறார் எனக் கொள்வோம். அவருக்குத் தாய், மனைவி, இரு மகன்கள், ஒரு மகள் உள்ளனர். ஐவருக்கும் சமபங்கு. அதாவது, கணவருடன் நாற்பது ஆண்டு வாழ்ந்த வீட்டில் மனைவிக்குரியது ஐந்தில் ஒரு பங்கே. மகளுக்கும் சமபங்கு கிடைப்பது நியாயமே. ஆயினும், தம் மனைவி ஆயுள் முழுதும் அவ்வீட்டில் எவர் தயவும் இன்றி வாழ வேண்டும் என்று கணவர் விரும்பியிருந்தால், அவ்விருப்பத்தைச் சட்டம் தானே ஊகித்துக்கொள்ளாது. அவர்தான் எழுதியிருக்க வேண்டும்.

இங்கே ஒரு வரலாற்றுச் செய்தி. 1878இல் பிரிவி கவுன்சில், வட இந்திய அகர்வால் ஜைனர் குடும்பம் ஒன்றின் வழக்கில், மகனில்லாத கைம்பெண்ணுக்குக் கணவர் தாமே ஈட்டிய சொத்தில் முழு உரிமை உண்டு என்ற ஜைன வழக்காற்றை ஏற்றது. பிற கைம்பெண்கள் பலர் ஆயுட்கால உரிமை மட்டுமே பெற்றிருந்த காலம் அது. மனைவியின் வாழ்வைக் காக்க எண்ணுவது நம் மரபுக்குப் புதியதன்று.

இனி, உயில் எழுதும் முறை. நமக்கும் பொருந்தும் 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் கேட்பவை எளியவை. முத்திரைத்தாள் வேண்டியதில்லை, வெள்ளைத்தாளே போதும். எழுதுபவர் தெளிந்த மனத்துடன் ஒப்பமிட வேண்டும். குறைந்தது இரு சாட்சிகள், அவர் ஒப்பமிடுவதைக் கண்டோ, அது தம் ஒப்பமே என்று அவர் சொல்லக் கேட்டோ, அவர் முன்னிலையில் தாமும் ஒப்பமிட வேண்டும். பதிவு கட்டாயமன்று, செய்வது நன்று. ஆனால் பதிவு செய்தாலே உயில் மெய்யென்று ஆகிவிடாது. வழக்கு எழுந்தால், சாட்சிகளுள் உயிரோடு இருக்கும் ஒருவரேனும் நீதிமன்றத்தில் வந்து சொல்ல வேண்டும்.

இப்பாடத்தின் உயிர்நாடி இதுவே என்று நான் கருதுகிறேன். பிற பத்திரங்களில் ஐயம் எழுந்தால் எழுதியவரையே கேட்கலாம். உயில் பேசத் தொடங்கும்போது எழுதியவர் இருக்கமாட்டார். ஆகவே சாட்சிகள் எழுதுபவரைவிட இளையவராகவும், எளிதில் தேடிக் கண்டுபிடிக்கக் கூடியவராகவும், உயிலால் பயன் பெறாதவராகவும் இருப்பது அறிவுடைமை. நோய் முற்றிய பின், ஒரு பிள்ளை மட்டும் அருகிருக்க எழுதப்படும் உயிலே பெரும்பாலும் ஐயத்துக்கு இடமாகிறது. நலமாக இருக்கும்போதே எழுதுக. மனம் மாறினால் எத்தனை முறையும் மாற்றலாம். முறையாக எழுதப்பட்ட கடைசி உயிலே செல்லும்.

உயிலை நிறைவேற்ற ஒருவரை நியமிப்பது நன்று. அப்பொறுப்பு ஒரு மதிப்புப் பட்டமன்று. ஈமச்செலவு முதலியவற்றையும் கடன்களையும் தீர்த்த பின்னரே அவர் பங்குகளை வழங்கலாம். நீதிமன்றத்தில் புரொபேட் பெற்றால், 6 மாதத்துக்குள் சொத்துப் பட்டியலும் ஓராண்டுக்குள் கணக்கும் அளிக்க வேண்டும். வங்கியில் நாமினியாகக் குறிக்கப்பட்டவரும் பணத்தைப் பெற்றுக்கொள்பவரே. அதனாலேயே அவர் உரிமையாளர் ஆகிவிடார். இதை அறியாமல் உடன்பிறந்தார் பிணங்குவது வருந்தத்தக்கது.

அறக்கட்டளைக்கு வருவோம். உயில் இறப்புக்குப் பின் நடைமுறைக்கு வருவது. அறக்கட்டளையை வாழும்போதே நிறுவலாம். எச்சொத்து, எவர் பொறுப்பில், எவர் நலனுக்கு என்னும் மூன்றும் ஆவணத்தில் ஐயமின்றி விளங்க வேண்டும். நம் குடும்பங்கள் பல வந்தவாசி, செஞ்சி, திண்டிவனம் வட்டாரச் சிற்றூர்களிலிருந்து நகரங்களுக்குப் பெயர்ந்துவிட்டன. ஊரில் ஒரு பெரியவர், “இந்த நிலம் ஜினாலயத்துக்கு” என்று வாய்மொழியாகச் சொல்லிவிட்டு மறைகிறார் என்று வையுங்கள். பட்டா அவர் பெயரிலேயே இருக்கும். இரு தலைமுறைக்குப் பின் அயலூரில் வாழும் பேரர்கள் அதைத் தம் சொத்து என்று நம்பினால், அதில் வஞ்சகம் இல்லை. அவர்களுக்குச் சொல்வார் இல்லை என்பதே குறை. நல்லெண்ணத்தோடு அளித்த தானம் அவ்வாறு வீணாகலாகாது.

ஆதலின் மூன்று வேண்டுகோள்கள். பெரியோர் உயில் எழுதி, அது இருக்கும் இடத்தை நம்பிக்கைக்குரிய இருவரிடமாவது தெரிவியுங்கள். ஆலயத்துக்கு நிலம் அளித்த குடும்பத்தினர் பத்திரத்தையும் பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அறங்காவலர்கள் தானப் பத்திரங்களின் நகல்களை ஒரே பதிவேட்டில் தொகுத்து வையுங்கள். ஐயம் வரும் இடத்தில் வழக்கறிஞரை அணுகுங்கள்.

மிகுபொருள் விரும்பாமை நம் ஐந்து விரதங்களுள் ஒன்று. வைத்திருக்கும் பொருளுக்கு அளவு வகுப்பதோடு, விட்டுச் செல்லும் பொருளுக்கு வழி வகுப்பதும் அவ்விரதத்துக்கு இசைந்ததே. அறம் ஓங்குக!