பசுவின் நோவும் பாலின் தூய்மையும்



பசுவின் உடலில் இயல்பாகவே சுரப்பது வளர்ச்சி ஹார்மோன். அதனை ஆய்வுக்கூடத்தில் ஆக்கி ஊசி வழியே செலுத்தினால் பால் பெருகும். இம்முறைக்கு அமெரிக்கா 1993-ஆம் ஆண்டு ஒப்புதல் அளித்தது. கனடா 1999-இல் மறுத்தது.

கனடாவில் இரு வல்லுநர் குழுக்கள் இதனை ஆராய்ந்தன. மனிதர்க்கு நேரும் கேடு யாது என்பது முதற்குழுவின் வினா. அந்த ஹார்மோன் ஒரு புரதம். உண்டால் வயிற்றில் செரித்துச் சிதைந்துவிடும். ஆதலின் குறிப்பிடத்தக்க கேடில்லை என்றது அக்குழு.

பசுவுக்கு நேரும் கேடு யாது என்பது மற்றதன் வினா. மடிநோய் 25 விழுக்காடு வரையும், கால் நொண்டுதல் 50 விழுக்காடு வரையும் மிகக்கூடும் என்று அது கண்டது. பசுவின் நோவே மறுப்புக்குக் காரணமாயிற்று.

பசுவின் நோவு பசுவோடு நிற்பதுமில்லை. மடிநோய்க்கு நுண்ணுயிர்க்கொல்லி மருந்து தேவை. அம்மருந்தின் எச்சம் பாலில் தங்கினாலும், மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகினாலும் துன்பம் மனிதரையும் வந்தடையும்.

பால் தூயதா என்று வினவும் இல்லங்கள் பல. பால் தந்த உயிர் நலமா என்று வினவும் இல்லங்கள் சில. கொல்லாமையை முதலறமாகக் கொண்ட குடிகளுக்கு அவ்வினாவே முதல் வினா. பால் வாங்கும் தொழுவத்திற்கு ஒருமுறை சென்று, பசுவையும் கன்றையும் நேரிற் கண்டு வருதல் அதற்கு நல்ல தொடக்கம்.