'நரம்பு' என்னும் சொல்லும் மணிக்கட்டு வலியும்



மொழியியல் கற்றோர் மருத்துவம் பேசுவது வரம்பு மீறலாகத் தோன்றலாம். யாம் பேச வந்தது மருத்துவர் அறையில் புழங்கும் சில சொற்களைப் பற்றியே. அவற்றுள் ஒன்றால் எமக்கே ஐந்து மாதங்கள் வீணாயின. ஆதலின் அதனைப் பேசும் உரிமை ஓரளவு உண்டு.

பணி ஓய்வுக்குப் பின் அகராதிப் படிகளைத் திருத்தும் வேலையில் அமர்ந்திருந்தோம். வலக்கைக் கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டின் ஓரத்தில் வலி தொடங்கிற்று. தேநீர்க் குவளையைத் தூக்க இயலவில்லை. பூட்டில் சாவியைத் திருகவும் இயலவில்லை. ஜொகூர் பாருவில் வீட்டருகே இருந்த கிளினிக் ஒன்றுக்குச் சென்று, 'கையில் நரம்பு இழுக்கிறது' என்றோம். தமிழறிந்த தாதி அதனை 'சாராஃப்' என்று மலாயில் மருத்துவரிடம் சொன்னார். நரம்புக்குரிய உயிர்ச்சத்து மாத்திரைகள் கிடைத்தன. ஒழுங்காக விழுங்கினோம், வலியும் ஒழுங்காக வளர்ந்தது.

தாதியை நொந்து பயனில்லை. அவர் அகராதிப்படி சரியாகவே மொழிபெயர்த்தார். நம் சொல்தான் மிக அகன்றது. மூளையின் செய்தியைக் கடத்தும் இழை நரம்பு. புறங்கையில் பச்சையாகப் புடைத்துத் தெரியும் குருதிக்குழாயும் பேச்சுவழக்கில் நரம்பு. தசையை எலும்போடு பிணைக்கும் வடமும் நரம்பு. இலையில் ஓடுவதும், யாழில் கட்டியதும் நரம்பே. மலாயின் 'ஊராட்' என்னும் சொல்லும் இவ்வாறே பரந்தது. அடை சேர்ந்தால்தான் பொருள் பிரியும். 'ஊராட் டாரா' குருதிக்குழாய். 'ஊராட் சாராஃப்' செய்தி கடத்தும் நரம்பு. கிரேக்கத்தின் 'நியூரோன்' என்பதும் முதலில் தசையின் வடத்தையும் வில்லின் நாணையும் குறித்த சொல். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் உடலை அறுத்து ஆராய்ந்தவர்களே இரண்டும் வேறென்று காட்டினர். எனவே இது தமிழுக்கு மட்டும் உரிய குறையன்று. நம் குறை வேறு: 'தசைநாண்' என்னும் அருமையான சொல்லை ஆக்கிவிட்டு, அதனைப் பாடநூலுக்குள்ளேயே பூட்டி வைத்திருக்கிறோம்.

ஐந்து மாதங்கள் கழித்துக் கை அறுவை மருத்துவர் ஒருவரைக் கண்டோம். கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, கையைச் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்க்கச் சொன்னார். அப்போது யாம் எழுப்பிய ஒலிக்கு எந்த எழுத்திலக்கணத்திலும் இடமில்லை. நோய் விளங்கிவிட்டது. கட்டைவிரலை விரிக்கவும் நீட்டவும் உதவும் தசைநாண்கள் இரண்டு, மணிக்கட்டின் ஓரத்தில் ஒரு குறுகிய உறைக்குள் ஓடுகின்றன. உறை தடித்தால் அவை வழுக்கி ஓட இயலாது உராய்கின்றன. சுவிட்சர்லாந்தின் அறுவை மருத்துவர் டி கெர்வேன் 1895இல் இதனை விவரித்தார். இன்று நோய்க்கு அவர் பெயரே வழங்குகிறது. 1893ஆம் ஆண்டுக் கிரேயின் உடற்கூற்று நூலிலோ இது சலவைப் பெண்டிரின் சுளுக்கு. இந்நாளில் கைக்குழந்தையை அடிக்கடி தூக்கும் இளந்தாய்மாரிடம் மிகுதியாகக் காணப்படுகிறது. எம் தாயார் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். 'கைச்சுளுக்கு' என்று எண்ணெய் தடவி நீவிக்கொள்வார். அது எந்நோயோ, எவரும் கேட்டதில்லை.

மருத்துவர் கூறிய வழி ஸ்டீராய்டு ஊசி. இங்கே அடுத்த சொற்சிக்கல். இதே வலியால் வருந்திய அண்டைவீட்டு மருமகள், ஆறு மாதக் குழந்தையின் தாய், ஊசியை மறுத்துவிட்டார். 'ஐயா, அது ஓட்டக்காரர்கள் திருட்டுத்தனமாகப் போட்டுக்கொள்ளும் ஊக்கமருந்தல்லவா?' என்றார். நாளிதழின் விளையாட்டுப் பக்கம் அவருக்குக் கற்பித்த பொருள் அது. 'ஸ்டீராய்டு' என்பது வேதியியல் குடும்பப் பெயர், 1936இல் ஆக்கப்பட்டது. 'திண்மை' எனப் பொருள்படும் கிரேக்க வேரிலிருந்து வந்தது. கொலஸ்ட்ரால் என்பதன் ஈற்றிலும் அவ்வேர் உண்டு. தசையை வளர்க்கும் மருந்து அக்குடும்பத்தில் ஒரு கிளை. அழற்சியைத் தணிக்கும் கார்ட்டிசோன் வேறு கிளை. 1948இல் கார்ட்டிசோனை மூட்டுவாத நோயாளிக்கு முதலில் கொடுத்த ஹென்ச், வேதியியலார் இருவரோடு 1950இல் நோபல் பரிசு பெற்றார். குடும்பப் பெயரைக் கேட்டு ஆளை முடிவு செய்வது சொல்லாய்வில் மட்டுமன்று, நோயிலும் பிழை.

ஆனால் ஊசிக்குத் தீங்கே இல்லை என்று யாம் சொல்லமாட்டோம். நீரிழிவு உள்ளவருக்குச் சில நாள்கள் சர்க்கரை ஏறலாம். 2019ஆம் ஆண்டின் தேசிய ஆய்வில் மலேசியப் பெரியோருள் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இனவாரியாக இந்தியரே முன்னிற்கின்றனர். ஆகவே மருத்துவர் கேட்குமுன் நாமே அதனைச் சொல்ல வேண்டும். ஊசி போட்ட ஓரிரு நாள் வலி கூடுவதும் உண்டு. பயனோ பெரிது: ஏழு ஆய்வுகளைத் தொகுத்த 2003ஆம் ஆண்டுக் கட்டுரை, ஊசி மட்டும் பெற்ற மணிக்கட்டுகளுள் 83 விழுக்காடு குணமானதாகக் கூறுகிறது. அவை கட்டுப்பாட்டுக் குழு இல்லாத ஆய்வுகள் என்பதையும் மறைப்பதற்கில்லை. சிலருக்கு உறைக்குள் தடுப்புச்சுவர் இருக்கும். மருந்து ஒரு தசைநாணை மட்டுமே எட்டும். அவர்களுக்கு இரண்டாம் ஊசியோ அறுவையோ தேவைப்படலாம்.

அறுவை என்றதும் பழைய சொல் மீண்டும் வந்து நிற்கிறது. 'நரம்பை வெட்டிவிடுவார்கள்' என்று கேட்டால் எவர் கையெழுத்திடுவார்? வெட்டித் திறப்பது உறையின் கூரையை மட்டுமே. தசைநாணைத் தொடுவதில்லை. மெய்யான நரம்பின் கிளையொன்று அவ்விடத்தில் தோலடியே ஓடுகிறது. அதனைக் காப்பதே அறுவையாளரின் பெருங்கவலை. நரம்பு, தசைநாண், உறை ஆகிய மூன்றையும் ஒரே சொல்லால் சொல்லும் மொழிபெயர்ப்பாளர், நோயாளியின் ஒப்புதலையே பொருளற்றதாக்கிவிடுகிறார். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் 19ஆம் நூற்றாண்டிலேயே சாமுவேல் கிறீன் மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கி, தமிழிலேயே மாணவர்க்குக் கற்பித்தார் என்பதை மாணவர்கள் அறிய வேண்டும்.

அண்டைவீட்டு மருமகளிடம், காகிதத்தில் ஒரு கையை வரைந்து, உறையையும் இரு தசைநாண்களையும் காட்டினோம். இரு வாரம் கழித்து அவர் ஊசி போட்டுக்கொண்டார். அதற்குமுன் ஒன்று கேட்டார்: ஊசி போட்ட இடம் வெளுக்குமாமே, அது வெண்குட்டமா என்று. மருத்துவக் கையேட்டில் 'வெண்புள்ளி' என்று அச்சிட்டிருந்ததே அச்சத்துக்குக் காரணம். 'நிறம் மங்கும்' என்றிருந்தால் போதும். எம் மணிக்கட்டிலும் ஐந்து காசு அளவில் மங்கியிருந்தது. ஓராண்டில் நிறம் திரும்பிவிட்டது.