குடிவழியும் குற்றப் பதிவும்: மட்டக்களப்புப் பறங்கியர் கொடிவழி ஆய்வு

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட எழுவான்கரையில் அமைந்த களுவாஞ்சிக்குடியிலும் அதன் அயலூர்களிலும் ஒருவரின் குடி, அதாவது குலப்பிரிவு, தாய்வழியே கணிக்கப்படுகிறது; ஒரே குடிக்குள் மணம் விலக்கப்படுகிறது; கோயிலை மேற்பார்க்கும் வண்ணக்கர் பொறுப்பும் குடியுரிமையாகத் தொடர்கிறது. மட்டக்களப்பு மாவட்டத்தில் வாழும் பறங்கியரோ ஐரோப்பிய மூதாதையரின் பெயரைத் தந்தைவழியே காத்துவருகின்றனர். காலனித்துவத் தொடக்கத்தில் வந்து குடியமர்ந்து, குற்றவாளியென ஏட்டிலேறிய ஒருவரைத் தம் கொடிவழியில் தேடுவோர் இவ்விரு கணிப்புகளையும் ஒருங்கே கைக்கொள்ள வேண்டும் என்பதே இச்சொற்பொழிவின் துணிபு.

1510இல் இந்தியாவின் கோவாவைக் கைப்பற்றிய போர்த்துக்கேயத் தளபதி அல்புகெர்க்கே, போர்த்துக்கேயப் படைவீரர் உள்நாட்டுப் பெண்களை மணந்து அங்கேயே தங்குவதை ஊக்குவித்தார். அவ்வாறு தங்கியோர் 'கசாதோ', அதாவது மணமானவர், எனப்பட்டனர். இவ்வழக்கம் இலங்கையிலும் தொடர்ந்தது. மட்டக்களப்பு நகரின் புளியந்தீவில் 1628இல் போர்த்துக்கேயர் எழுப்பிய கோட்டை 1638இல் ஒல்லாந்தர் கைப்பட்ட பின்னரும் அவ்வழக்கம் அற்றுப்போகவில்லை. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் சேவகர் பலர் போர்த்துக்கேய வழிவந்த பெண்களை மணந்தமையால், ஒல்லாந்தப் பெயர் தாங்கிய வீடுகளிலும் போர்த்துக்கேயக் கிரியோல், அதாவது உள்நாட்டு மொழிகளோடு கலந்து உருவான போர்த்துக்கேயம், வீட்டுமொழியாயிற்று.

ஆகவே பெயரை மட்டும் நம்பித் தேடுவது பிழையில் முடியலாம். ஞானஸ்நானம் பெற்ற உள்நாட்டவரும் போர்த்துக்கேயப் பெயர்களை ஏற்றிருந்தனர். பெயரோடு ஒப்பிட்டுப் பார்க்கப் பிற பதிவுகளும் உள்ளன. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி கப்பலில் வந்த ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்காக எழுதிய சம்பளப் பேரேடுகள், பெரும்பாலும் 18ஆம் நூற்றாண்டுக்குரியவை, தி ஹேக் நகரில் காக்கப்படுகின்றன. அவற்றில் ஒருவரின் பிறந்த ஊர், கடன், பணி முடிந்த விதம் ஆகியவற்றைக் காணலாம். அமைதியாக வாழ்ந்தவர் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் என்னும் மூன்று வரிகளோடு மறைய, கடன்பட்டவரும் படையைவிட்டு ஓடியவரும் கம்பனியின் தனியுரிமையை மீறிக் கறுவா விற்றவரும் நீதிமன்றக் கட்டுகளில் விரிவாகப் பதிவாயினர்.

எனினும் அக்கட்டுகள் கூறும் குற்றம் அனைத்தும் உண்மைக் குற்றமாகாது. 1726 முதல் 1729 வரை இலங்கையின் ஒல்லாந்த ஆளுநராயிருந்த பெட்ரஸ் வூய்ஸ்ட் சதிக்குற்றம் சாட்டிப் பலரை வதைத்துக் கொல்வித்தார்; பின்னர் அக்கொலைகளுக்காகவே பத்தாவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், விசாரிக்கப்பட்டு 1732இல் மரணதண்டனை பெற்றார். 1729இல் சதிகாரரென எழுதப்பட்டவர் மூன்றாண்டில் அநீதிக்குப் பலியானவராக மாறிய இந்நிகழ்வு, குற்றச்சாட்டோடு குற்றஞ்சாட்டியவரின் பின்வரலாற்றையும் படிக்க வேண்டிய தேவையை உணர்த்துகிறது.

1908இல் கொழும்பில் தோன்றிய ஒல்லாந்தப் பறங்கியர் சங்கம் தன் சஞ்சிகையில் வெளியிட்ட கொடிவழிகள் ஆண்வழியை முதன்மைப்படுத்தியவை. அம்முறையில் ஒரு குடியேறியின் குற்றப் பதிவுகள் நிலைபெற, அவர் பிள்ளைகளை வளர்த்த பெண்ணின் பிறந்தகம் மங்கிவிடுகிறது. தாய்வழிக் கணிப்போ அப்பெண்ணிலிருந்தே தொடங்கும். ஆயின் வெளியிலிருந்து வந்த ஆடவர் அதில் எளிதில் மறைந்துவிடுவர். எனவே கொடிவழி எழுதுவோர் ஒவ்வொரு தலைமுறையிலும் தாயின் குடும்பத்தையும் பதிந்து, குற்றச்சாட்டு உள்ளவிடத்து அதைச் சுமத்தியவர், விசாரித்த மன்று, இறுதித் தீர்ப்பு ஆகிய மூன்றையும் உடன் குறித்தல் வேண்டும். மூதாதை ஒருவரைக் குற்றவாளியென இகழவோ வீரரென உயர்த்தவோ அதன் பின்னரே இடமுண்டு.